முக்கால் அடி உப்பு

அனிஷை நம்பாமல் இருக்க ஜெப்ஸிக்கு நான்கு வருடமாக ஒரு காரணமும் கிடைத்ததில்லை. பத்தடிச் சுவரிலிருந்து குதிக்கிறவளுக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்பது பெரிய விஷயம். அவள் குதித்தபோதெல்லாம் கீழே நின்றவன் அனிஷ்தான்.

ஜெப்ஸி நாசரேத்துக்காரி. அம்மா அற்புதமணி அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். பிசியோதெரபி முடித்து, தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளினிக்கில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்துநான்கு. டிரெய்லர்கள் ஓயாமல் போய்வருகிற சாலை அது. வருகிறவர்களில் பாதிப்பேர் லோடுமேன்களும் டிரைவர்களும்தான். குதிகால் வலி, முழங்கால் வீக்கம், இடுப்புப் பிடிப்பு. ஒத்தடம் கொடுத்து, பயிற்சி சொல்லி அனுப்புவாள். மறுமாதம் அதே வலியோடு திரும்பி வருவார்கள்.

ஒருநாள் அய்யாக்குட்டி என்ற லோடுமேனிடம் கேட்டாள். "அண்ணாச்சி, லாரியில இருந்து எப்படி இறங்குவீங்க?"

"எறங்கவா? குதிக்கதுதாம்மா."

"இந்த ஸ்டூல்ல ஏறிக் குதிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

அவர் சிரித்துக்கொண்டே ஏறிக் குதித்தார். இரண்டு காலும் கம்பு மாதிரி விறைத்திருந்தன. குதிகால் முதலில் தரையில் பட்டது. தொம் என்ற சத்தத்தில் மேசைமேலிருந்த தண்ணீர் பாட்டில் ஆடியது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டாள். நாற்பது ஐம்பது இருக்கும், எண்ணினது யாரு என்றார். அந்த மனுஷனின் குதிகாலுக்கு மருந்து ஒத்தடத்தில் இல்லை, அவர் தரைக்கு வருகிற விதத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்குப் பட்டது.

உயரத்திலிருந்து குதித்தும் காலை உடைத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று தேடினாள். பார்க்கூர்காரர்களின் வீடியோக்கள் வந்தன. சுவர் ஏறி, மாடி தாண்டி, பூனை மாதிரிச் சத்தமில்லாமல் இறங்குகிற பிள்ளைகள். நம் ஊரிலும் இப்படி நாலைந்து பேர் கடற்கரைப் பக்கம் ஒரு பாழடைந்த கட்டடத்தில் குதித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றாள். அங்கேதான் அனிஷைப் பார்த்தது.

அவன் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தான். கப்பல் சரக்குக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கத் துறைமுகத்துக்கும் ஆபீஸுக்கும் அலைகிற வேலை. குதிப்பதில் அவனுக்குப் பயமே கிடையாது. ஆனால் அதற்குள் இரண்டு முறை கணுக்கால் சுளுக்கியிருந்தது. மூன்று குதி பார்த்துவிட்டு ஜெப்ஸி சொன்னாள், "ஒங்க இடது முழங்கால் உள்ளுக்கு மடங்குது. பெருவிரலைத் தாண்டி உள்ள வருது. கணுக்கால் சுளுக்குனதுக்கு அதுதான் காரணம். இன்னும் கொஞ்ச நாள்ல முழங்காலும் போயிரும்."

மற்றப் பையன்கள் சிரித்தார்கள். அனிஷ் சிரிக்கவில்லை. "மறுபடி குதிக்கேன், பாத்துச் சொல்லுங்க" என்றான். கவனித்துக் கேட்கிற ஆண்பிள்ளையை அவள் அதிகம் பார்த்ததில்லை. அதனாலேயே அவனைப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அங்கேதான். ஒருவர் குதிக்க ஒருவர் போனில் ஸ்லோமோஷனில் எடுப்பார்கள். நொடிக்கு இருநூற்று நாற்பது ஃபிரேம். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பார்கள். முன்பாதம் முதலில் தொட வேண்டும், குதிகால் மெல்லப் பின்னால் வர வேண்டும். முழங்கால் பாத விரல்கள் காட்டுகிற திசையிலேயே மடங்க வேண்டும். இடுப்பு நாற்காலியில் உட்காரப் போவது போலப் பின்னால் போக வேண்டும். உடம்பு நிற்பதற்கு எவ்வளவு கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறதோ, அவ்வளவுக்குத் தரை திருப்பி அடிப்பது குறையும். உயரம் கூடினாலோ, ஓடிவந்த வேகம் இருந்தாலோ, கால்களை மட்டும் நம்பக்கூடாது. கையை ஊன்றி, ஒரு தோளில் தொடங்கி முதுகின் குறுக்கே மறுபக்க இடுப்பு வரைக்கும் உருண்டு, அந்த வேகத்தைத் தரையோடு கரைத்துவிட வேண்டும். ஜெப்ஸி படித்ததைச் சொல்வாள். அனிஷ் அதைக் குதித்துப் பார்த்து, "இது சரியா வருது, இது வரமாட்டேங்கு" என்பான். அவன் உடம்பில்லாமல் அவளுடைய படிப்பு ஏட்டோடு நின்றிருக்கும்.

ஒருமுறை ஈரப் பாசி படிந்த கல்லில் இறங்கி அனிஷின் உதடு கிழிந்தது. அன்றைக்கு இருவருமாக ஒரு முடிவு எடுத்தார்கள். குதிக்கப் போகிறவர் இறங்குகிற இடத்தைத் தன் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மேலே ஏற வேண்டும். வேறு யார் சொன்னாலும் கணக்கில்லை.

நாளாக நாளாகப் பதினொரு பேர் கற்றுக்கொள்ள வந்தார்கள். அதில் நான்கு பேர் பெண்கள். பெண்களுக்கு இடுப்பு அகலம், அதனால் முழங்கால் உள்ளே சாய வாய்ப்பு அதிகம் என்று ஜெப்ஸி அனிஷுக்கு விளக்கி, அவர்களுக்கென்று தனிப் பயிற்சி வகுத்தாள். இவர்கள் போட்ட வீடியோக்களையும் ஊரில் நிறையப் பேர் பார்த்தார்கள். வேலையை விட்டுவிட்டு ஊருக்குள் ஒரு பயிற்சிக்கூடம் திறக்க வேண்டும் என்று அனிஷ் பேச ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு ஷூ கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். வெள்ளை வெளேரென்ற உப்பில் ஒரு பெண் உயரத்திலிருந்து வந்து இறங்க வேண்டும், உப்பு சிதற வேண்டும், ஷூ தெரிய வேண்டும். உப்பளத்தை ஒட்டி, உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் இடம் பார்த்தார்கள். மூட்டை ஏற்றுகிற மேடை ஒன்பதரை அடி உயரம். கீழே சிமெண்ட் தரை.

"நான் உருண்டுதான் எந்திரிப்பேன்" என்றாள் ஜெப்ஸி.

"அவங்க நின்னு இறங்கச் சொல்லுதாங்க. உருண்டா ஷூ தெரியாதாம்."

"ஓடிவந்து ஒம்பதரை அடி குதிச்சு சிமெண்ட்ல நிக்கவா? முடியாது அனிஷ். ஒனக்கே தெரியும்லா."

அவன் ஒரு நாள் யோசித்துவிட்டு வந்தான். "முக்கால் அடிக்கு உப்பு கொட்டிருவோம். ஆத்து மணல் மாதிரி காலை வாங்கிக்கிடும். அப்ப நிக்கலாமா?"

நிற்கலாம்தான். உப்பளத்துக் குவியலில் போய் இருவரும் பத்துப் பதினைந்து தடவை குதித்துப் பார்த்தார்கள். கால் இதமாகப் புதைந்தது. ஜெப்ஸி சரி என்றாள்.

படம் எடுத்த அன்று மாலை ஐந்து மணி இருக்கும். வேனுக்குள் உட்கார்ந்து அவள் புது ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அனிஷ் வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"கொட்டி நெரவியாச்சு. நீ நேரா மேல ஏறு."

"இருல, தொட்டுப் பாத்துட்டு வாரேன்."

"ஏளா, இப்பதான் வழவழன்னு நெரவிருக்கு. நீ மிதிச்சா தடம் விழும். திரும்ப நெரவதுக்குள்ள வெளிச்சம் போயிரும். அந்த சென்னைக்காரன் ஏற்கெனவே மணியப் பாத்துக்கிட்டு நிக்கான்."

ஜெப்ஸி அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ பாத்தியா?"

"நானே கைய விட்டுப் பாத்தேன். மணிக்கட்டத் தாண்டிப் போவுது. போதுமா?"

அவள் மேலே ஏறினாள். மேடையிலிருந்து பார்க்கும்போது கீழே ஒரே வெள்ளை. ஆழமா, மேலாப்பா என்று அந்த உயரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. நாலு எட்டு ஓடிவந்து குதித்தாள்.

கால் பட்டதும் உப்பு சிதறியது. இடது கால் தன் போக்கில் வெளியே வழுக்கிக்கொண்டு போனது. முழங்காலுக்குள் பட்டென்று ஏதோ அறுந்த சத்தம் அவளுக்கு வெளியிலிருந்து வந்தது போலக் கேட்டது. அப்புறம் அவள் உப்பில் கிடந்தாள். உள்ளங்கையில் சிராய்ப்பு, அதில் உப்பின் எரிச்சல். முழங்கால் வலி அந்த எரிச்சலையெல்லாம் கடந்து எங்கேயோ இருந்தது.

ஏசிஎல் என்கிற உள்நார் முழுக்க அறுந்திருந்தது. சவ்வும் கிழிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அனிஷ் கட்டில் பக்கத்தில் நின்றான். அழுதிருந்தான். ஜெப்ஸி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரு அனிஷ். ஒரே குதியில எல்லாத்தையும் கெடுத்துட்டேன்" என்றாள்.

அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். "பரவால்ல, விடு" என்றான்.

பிற்பாடு அவளால் தாங்க முடியாமல் போனது இந்த இரண்டு சொற்களைத்தான்.

அம்மா வந்து அவளை நாசரேத்துக்கு அழைத்துப் போனாள். அனிஷ் முதல் வாரம் தினமும் போன் பண்ணினான், இரண்டாம் வாரம் இரண்டு தடவை. மூன்றாம் வாரம் அவளிடம் கற்றுக்கொள்கிற பெண்களில் ஒருத்தியான ஸ்டெபி ஒரு வீடியோவை அனுப்பி, "அக்கா, இது நீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

'லேண்டிங்கில் பெண்கள் செய்கிற பெரிய தப்பு' என்று தலைப்பு. கிட்டங்கி, வெள்ளை உப்பு, முகம் மட்டும் மறைக்கப்பட்ட ஒரு பெண். அவள் விழுவதை மெதுவாக மூன்று தடவை காட்டினார்கள். மேலே அனிஷின் குரல். "பாருங்க, முழங்கால் உள்ளுக்கு மடங்குது. பெருவிரலைத் தாண்டி உள்ள வருது. பெண்களுக்கு இடுப்பு அகலம், அதனால இந்தத் தப்பு அதிகமா வரும். சரியான பயிற்சி இல்லாம உயரத்துல இருந்து குதிச்சா இதுதான் கதி." ஒவ்வொரு வாக்கியமும் அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. முடிவில் புதுப் பயிற்சிக்கூடத்தின் முகவரி.

முகத்தை மறைத்து என்ன? ஊரில் அப்படிக் குதிக்கிற பெண் வேறு யார்? கிளினிக் டாக்டர் போனில் நயமாகத்தான் பேசினார். "பேஷண்ட்ஸ் கேக்காங்கம்மா. ஒன் கால்தான இதுன்னு. நீ நல்லா ரெஸ்ட் எடு, அவசரமில்ல" என்றார். கோயில் முடிந்து வந்த அம்மாவிடம் யாரோ வீடியோவைக் காட்டி இரக்கப்பட்டிருக்கிறார்கள்.

அம்மா சேலைகூட மாற்றாமல் வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "ஏளா, உள்ளதச் சொல்லு. நீ தப்பாத்தான் குதிச்சியா?"

"தெரியலம்மா" என்றாள் ஜெப்ஸி. அதுதான் நிஜம். தப்பு தன்னுடையது என்றுதான் மூன்று வாரமாக அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"பாத்துருவோம்" என்றாள் அம்மா. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து இருவரும் அந்த வீடியோவை லேப்டாப்பில் போட்டு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார்கள். அற்புதமணி டீச்சர் ஒரு தாளில் எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

தொட்டது முன்பாதம். சரி. இரண்டாவது, மூன்றாவது ஃபிரேமிலும் முழங்கால் பாத விரலுக்கு நேரே. நாலாவது, நேரே. ஐந்தாவதில் ஜெப்ஸி நிறுத்தினாள்.

"இதென்னளா, சாம்பக் கலரா?" என்று அம்மா திரையைத் தொட்டாள்.

இடது பாதம் வெளிப்பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. அது துடைத்துக்கொண்டு போன வழியில் உப்பு விலகி ஒரு கோடு தெரிந்தது. சிமெண்ட். ஆறில் கோடு நீண்டது. ஏழில் அரைச் சாண். முழங்கால் அப்போதும் நேரேதான் இருந்தது. ஒன்பதாவது ஃபிரேமில்தான் அது உள்ளே சாயத் தொடங்கியது. கால் போன பிறகு முழங்கால் போயிருக்கிறது.

முக்கால் அடி உப்பில் பாதம் புதையும். இந்தப் பாதம் புதையவே இல்லை. ஒரு விரற்கடை ஆழம்கூட இல்லாமல், தரைமேல் உதிரி உப்பை விரித்திருக்கிறார்கள். பரல் பரலான உப்பு காலுக்கடியில் குண்டுமணி மாதிரி உருண்டிருக்கிறது.

ஜெப்ஸிக்கு அவள் படித்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. கால் தரையைத் தொடுவதற்கு முன்பே, அந்தரத்தில் இருக்கும்போதே, தொடையும் கெண்டைக்காலும் வரப்போகிற தரைக்குத் தகுந்தபடி தயாராகிவிடும். மெத்தென்ற தரை என்று நினைத்தால் கால் விறைப்பாக வரும், கெட்டித் தரை என்றால் குழைவாக வரும். மெத்தென்று நினைத்துக் கெட்டியில் இறங்குவதுதான் மிக மோசமான இறக்கம். மணிக்கட்டைத் தாண்டிப் போகிறது என்று அனிஷ் சொன்னதை அவள் காதோடு சேர்ந்து அவள் தசைகளும் நம்பியிருக்கின்றன.

"நீ தப்பாக் குதிக்கல" என்றாள் அம்மா, தாளை மடித்துக்கொண்டே. அப்படியே எழுந்து சோற்றை எடுத்து வைக்கப் போனாள். அடுப்படியில் அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

நாலாவது மாதம் முழங்கால் பட்டையோடு, ஒரு கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஜெப்ஸி அனிஷின் பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். புது பெயிண்ட் வாசனை. சுவரில் 'சத்தமில்லாமல் இறங்கு' என்று பெரிதாக எழுதியிருந்தது. அவளைப் பார்த்ததும் அனிஷ் ஓடிவந்து நாற்காலி போட்டான். அவள் உட்காரவில்லை. ஐந்தாவது ஃபிரேமைப் போனில் காட்டினாள்.

அவன் பார்த்தான். அதிர்ச்சி அடைவான், இல்லையென்று சாதிப்பான் என்றெல்லாம் அவள் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"தெரியும்" என்றான் அனிஷ்.

"என்ன தெரியும்?"

"எடிட் பண்ணும்போதே பாத்தேன். அதுக்கு முன்னாலயும் தெரியும்."

"எத்தன மூட்ட கொட்டுன?"

"நாலு." அவன் குரல் இறங்கிவிட்டது. "கிட்டங்கி மேனேஜர் கடைசி நேரத்துல தரமாட்டேன்னுட்டாரு ஜெப்ஸி. லோடு போவணும், நாலு மூட்டைக்கு மேல எடுக்காதன்னுட்டாரு. சென்னைக்காரன் கெளம்புதேங்கான். எனக்கு வேற வழி தெரியல."

"கைய விட்டுப் பாத்தேன்னு சொன்னியே."

அவன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தான்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் உருண்டிருப்பேன்லா. உப்பத் தூத்துத் தள்ளிட்டு வெறும் சிமெண்ட்லயே உருண்டு எந்திரிச்சிருப்பேன். அதுகூட எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

"சொன்னா நீ நின்னு இறங்கியிருக்க மாட்ட. அவனுக்கு நின்னு இறங்குததுதான் வேணும். நீ எப்படியும் சமாளிச்சிருவன்னு நெனச்சேன். லேண்டிங்ல ஒன்ன மாதிரி ஆள் யாரு இருக்கா?"

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். அது அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"ஆஸ்பத்திரியில ஒங்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன் அனிஷ். நீ பரவால்லன்ன."

"அப்ப போயி எப்படிச் சொல்ல?"

"வீடியோவ எடுத்துரு."

அவன் உள்ளே பயிற்சி செய்துகொண்டிருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தான். "எட்டு லட்சம் பேரு பாத்தாச்சு. அதப் பாத்துத்தான் இவ்வளவு பேரும் சேந்துருக்காங்க. முழங்கால் உள்ள போவக்கூடாதுங்கது உண்மைதான? நாலு பேருக்கு நல்லதுதான சொல்லுதேன். ஒம் பேரக்கூடச் சொல்லலயே."

ஜெப்ஸி தடியை ஊன்றிப் படியிறங்கி வந்துவிட்டாள்.

அந்த வீடியோவின் கீழே அவள் எழுதிய விளக்கத்தை அனிஷ் அன்றைக்கே நீக்கினான். அவளே ஐந்தாவது ஃபிரேமிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் வட்டம் போட்டுக் காட்டி ஒரு சின்ன வீடியோ போட்டாள். நானூறு பேர் பார்த்தார்கள். பொறாமை என்று ஒருவர் எழுதியிருந்தார். பதினொரு பேருக்கும் தனித்தனியாகப் போன் பண்ணிச் சொன்னாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். "அண்ணன் அப்படிச் செஞ்சிருக்க மாட்டாருக்கா, நீங்க வலியில இருக்கீங்க" என்று ஒரு பையன் ஆறுதல் சொன்னான். ஸ்டெபி மட்டும் அனிஷின் கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். கிளினிக் டாக்டர் ஃபிரேம்களை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை வந்துரும்மா" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வருடம் ஒன்றாகிவிட்டது. முழங்கால் முழுசாக மடங்குகிறது, நீள்கிறது. அளந்து பார்த்தால் இரண்டு தொடைக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. குதிக்கலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரே சொல்லிவிட்டார். கிளினிக்கில் ஆளில்லாத நேரத்தில் ஜெப்ஸி ஒரு முக்காலியில் ஏறுவாள். கீழே இருப்பது தினமும் அவள் நடக்கிற மொசைக் தரை. குதிப்பாள். கால் குழையாமல் விறைப்பாக வந்து இறங்கும், சத்தம் கேட்கும். எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று உடம்பு தானாக இறுகிக்கொள்கிறது. அதற்கு என்ன பயிற்சி கொடுப்பதென்று அவள் படித்த எதிலும் இல்லை.

போன மாதம் காலையில் டவுன் பஸ்ஸில் அனிஷைப் பார்த்தாள். அவன் வண்டி சர்வீஸில் கிடந்தது போல. நல்ல கூட்டம். அவள் ஏறியதும் அவன் சட்டென்று எழுந்து இடம் விட்டான். உட்காரக்கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். முந்தின நாள் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் முழங்கால் கனத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். இரண்டு நிறுத்தம் போன பிறகு, "கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

ஒரு வருடமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை. தன் உடம்பில் எது வலித்தாலும் அவனிடம் அப்படியே சொல்லிவிடுவது நான்கு வருடப் பழக்கம்.

"படி இறங்கும்போது வலிக்கும்" என்றாள்.

அவன் தலையாட்டிக்கொண்டு, துறைமுகத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிப் போனான். அவனுக்குப் பதில் சொன்னோமே என்ற ஆத்திரம் ஜெப்ஸிக்கு அன்று மத்தியானம் வரைக்கும் ஆறவில்லை.